நீலகிரியில் மினியேச்சர் பெயிண்டிங் தொடங்குபவர்களுக்கு: வாங்குவதிலிருந்து மேசைக்கு வரும்வரை

மேசை மேல் படை நிறுத்தி ஆடும் சண்டை விளையாட்டுகளுக்கான விரலளவு உருவங்களைத்தான் மினியேச்சர், சுருக்கமாக மினி, என்கிறோம். போன அக்டோபரில் அப்படிப்பட்ட பதினொரு எலும்புக்கூடு வீரர்களை ஓர் அட்டையில் வரிசையாக நிறுத்தி, வீட்டு வாசலில் வைத்து ப்ரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு, ஸ்ப்ரே அடித்தேன். கோத்தகிரிப் பக்கம் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டிருந்தது, ஆனால் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் பதினொன்றின் மேலும் கோலமாவு தூவினாற்போல் சொரசொரப்பு. விலா எலும்புக்கு நடுவே இருந்த பள்ளமெல்லாம் தூர்ந்து போயிருந்தது. ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய உருவங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் காய்ந்த அறையில் உட்கார்ந்து பெயிண்ட் அடிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. குன்னூரிலோ ஊட்டியிலோ கூடலூரிலோ இருந்துகொண்டு அதை அப்படியே செய்தால் பணமும் உழைப்பும் வீணாகும். மலையில் இருந்தபடி இந்த வேலையைத் தொடங்குபவர் என்ன வரிசையில் செய்ய வேண்டும், எங்கே காசு போகும், எங்கே நாள் போகும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

1. எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உருவத்தின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு விளையாட்டைத் தேடாதீர்கள். காரணம் பேஸ், அதாவது உருவம் நிற்கும் அடித்தட்டு. சில விளையாட்டுகளில் வட்ட பேஸ், சிலவற்றில் படை வரிசையாக நிற்க வேண்டும் என்பதால் சதுர பேஸ். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ஏஜ் ஆஃப் சிக்மார் விளையாட்டு வட்ட பேஸில் ஓடுகிறது, அதே நிறுவனத்தின் ஓல்ட் வேர்ல்டு சதுரத்தில் ஓடுகிறது. ஒட்டிய பிறகு மாற்றுவது கணுக்கால் உடைகிற வேலை.

புதியவர்களுக்கு என் பரிந்துரை, ஆளுக்குப் பத்து உருவத்துக்குள் முடியும் சிறு சண்டை விளையாட்டு. வன் பேஜ் ரூல்ஸ் என்ற குழுவின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, எந்த நிறுவனத்தின் மினியை வைத்தும் ஆடலாம். தூரமெல்லாம் அங்குலக் கணக்கு. வீட்டில் இருக்கும் தையல் டேப் போதும்.

2. முதல் தடவை 10 மினிக்கு மேல் வேண்டாம்

பெரிய பெட்டியில் நாற்பது உருவம் மலிவாக வருகிறது என்று தோன்றும். பெயிண்ட் அடிக்காத நாற்பது உருவம் அலமாரியில் இருந்தால் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு சோர்ந்துவிடும். பத்தை முடித்த பிறகு அடுத்த பத்து.

மூன்று வகை கிடைக்கும்.

பிளாஸ்டிக்: சட்டத்தில் துண்டு துண்டாக வரும், வெட்டி ஒட்ட வேண்டும். அச்சு கூர்மையாக இருக்கும், விலை அதிகம். பத்து பேர் கொண்ட பெட்டிக்கு நான் 4,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன்.

3டி பிரிண்ட் செய்த ரெசின் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்): பெங்களூரு, கோவை போன்ற ஊர்களிலிருந்து பலர் அச்சிட்டு விற்கிறார்கள். 28 அல்லது 32 மி.மீ. உயர அளவில் ஓர் உருவம் எனக்கு 200 முதல் 300 ரூபாய்க்குள் அமைந்தது. தொடங்குபவர்களுக்கு இதுதான் சரி. கைக்கு வந்ததும் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் ரெசின் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். அதை வெறும் கையால் தொடாமல் உறை போட்டுக்கொண்டு எடுத்து வைத்து, விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். வெயிலில் வைத்தால் இறுகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நம் ஊர் ஜூலையில் அந்த வெயிலுக்கு எங்கே போவது?

மூன்றாவது, திருட்டு வார்ப்பு. பெரிய நிறுவனங்களின் உருவத்தை அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்பது. முகத்தில் காற்றுக்குமிழ் ஓட்டை இருக்கும், வாள் வளைந்திருக்கும். செதுக்கியவரின் உழைப்பைத் திருடிச் செய்தது என்பதாலேயே நான் வாங்குவதில்லை, நீங்களும் வாங்காதீர்கள்.

3. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: ஆதார், பான், முகவரிச் சான்று, கடையின் பில், பணம் கட்டியதற்கான வங்கி ஆதாரம். கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி. கேட்டு ஒரு லிங்க் அனுப்பும். நீங்கள் பதிவேற்றும்வரை பார்சல் சுங்கத்தில் நிற்கும், நாள் கூடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். நான் செல்லப் பெயரில் ஆர்டர் போட்டு, அது நான்தான் என்று நிரூபிக்க ஒன்பது நாள் அலைந்தேன்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை 2020-இலிருந்து தானாகத் திறந்திருப்பதில்லை. வங்கிச் செயலியில் போய் நீங்களே இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். நாணய மாற்றுக்கென்று பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். 2,000 ரூபாய் உருவத்துக்கு 1,800 ரூபாய் கூலி என்றால் 3,800-க்கு வரி. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் விகிதம் மாறுவதால் ஆர்டருக்கு முன் அந்த வருஷத்து விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் ஏறியது. 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அதனால் பில்லில் வெறுமனே ‘பொம்மை’ என்று இருந்தால் கேள்வி வரும். என்ன பொருள், எத்தனை, எதனால் செய்தது, பெரியவர்களுக்கான மாடலா என்ற உண்மையான விவரம் முழுதாக இருக்கும்படி விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘அன்பளிப்பு’ என்று போட்டு அனுப்பச் சொன்னால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்துகளும்தான் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் கூடாது. பிடிபட்டால் பொருள் போய்விடும்.

சாதாரணத் தபாலில் வந்தால் வரியைத் தபால்காரரிடமே கட்டி வாங்கிக்கொள்ளலாம், அவசரம் இல்லாதவர்களுக்கு நல்லது. எனக்கு இங்கிலாந்திலிருந்து வர ஐந்து வாரம் ஆனது.

4. முகவரியை எழுதும் விதம்

எஸ்டேட் லைன் வீட்டுக்கும் படுகர் ஊரான ஹட்டிக்கும் கதவு எண்ணை மட்டும் எழுதினால் பார்சல் வராது. ஒரு கூரியர்காரர் என் பார்சலை ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிக் கோவைக்கே திருப்பிவிட்டார். அன்று முழுக்க அம்மா வீட்டில்தான் இருந்தார். டவரில்லாததால் போன் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து டவுனில் தெரிந்த கடையின் முகவரியைத்தான் கொடுக்கிறேன். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, டவர் கிடைக்கும் இரண்டாவது எண்ணையும் எழுதுங்கள்.

அப்புறம், ஸ்ப்ரே டப்பாவும் பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசையும் தீப்பற்றும் பொருள்கள். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், சாலை வழியாகத்தான் வரும். அவற்றை மினியோடு ஒரே ஆர்டரில் போட்டால் மொத்தமும் தாமதமாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் இன்னும் நாள் கூடும். அந்த மூன்று மாதத்துக்கு வேண்டியதை செப்டம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

5. கருவிகளும் செலவும்

முதல் பத்து மினிக்கு எனக்கு ஆனது: உருவங்கள் 2,400, எட்டு பெயிண்ட் 2,400, தூரிகையால் பூசும் ப்ரைமர் 450, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் 400, கட்டரும் பிளேடு கத்தியும் 400, மூன்று தூரிகை 350, ஈரப்பத மீட்டர் 350, ஃபெவிக்விக் 60. மொத்தம் 6,810 ரூபாய். மேசை விளக்கு தனி. வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. வாங்குங்கள், மஞ்சள் விளக்கில் நிறம் ஏமாற்றும்.

பெயிண்டில் வல்லேஹோ, ஆர்மி பெயின்டர், சிட்டடெல் என்று பல இருக்கின்றன. சிட்டடெல் 12 மி.லி. மூடித் திறக்கும் குப்பியில் வருவதால் விளிம்பில் பெயிண்ட் காய்ந்து மூடி சரியாக மூடாது. சொட்டுச் சொட்டாக விடும் குப்பி எனக்குப் பிடிக்கும். எட்டு நிறம்: கறுப்பு, வெள்ளை, எலும்பு நிறம், தோல் பழுப்பு, சிவப்பு, பச்சை, வெள்ளி, ஒரு பழுப்பு வாஷ் (பள்ளத்தில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயிண்ட்). நீலம் ஆசையாக இருந்தால் பச்சைக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட அக்ரிலிக் மலிவுதான், ஆனால் அதன் துகள் பெரியது. 28 மி.மீ. உருவத்தின் முகத்தில் மூக்கும் வாயும் அதற்கடியில் மறைந்துவிடும். பேஸுக்கும், ஆடும் மேசையில் குன்றுபோல் வைக்கும் மேடுகளுக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

தூரிகை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். நுனி கூடுகிறதா என்று கடையிலேயே தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். தகரக் கழுத்துவரை பெயிண்ட் ஏற விடாதீர்கள், ஏறினால் முடி விரிந்துவிடும்.

ஈரப்பத மீட்டரை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். ஏன் என்று ஏழாவது படியில்.

6. கழுவி, சுரண்டி, ஒட்டுதல்

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பின்னால் உரிந்து வரும். ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள்.

அச்சு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டுங்கள், கூர் பக்கம் வேண்டாம். ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் ஈரமாக்கித் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஃபெவிக்விக் வகைப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. ஆகவே இங்கே சீக்கிரம் பிடித்துவிடும், உருவத்தின் கையைச் சரிப்படுத்த நேரம் கிடைக்காது. ஒட்டாமலே ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டுப் பிறகு ஒரு சிறு சொட்டு. அதிகம் விட்டால் மூட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். திறந்த குப்பியை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இடைவெளியை அடைக்க எம்-சீல் போதும், ஈரக் கையால் அழுத்தி விட்டால் வழவழப்பாக இருக்கும்.

7. ப்ரைமர்: மலையில் உள்ளவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்

ஸ்ப்ரேயிலிருந்து வரும் துளி உருவத்தில் படிந்து விரிந்து காய வேண்டும். காற்றில் ஈரம் அதிகமானால் படிந்த பூச்சு வெளுத்து மாவாகும். அப்படி ஆன பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் பாடு. என் பதினொன்றில் நான்கைத்தான் காப்பாற்ற முடிந்தது.

நான் வைத்திருக்கும் விதி: ஈரப்பத மீட்டர் 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதில்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை, ஸ்ப்ரேயை மறந்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கு மழை. எல்லோருக்கும் நல்ல மாதங்கள் ஜனவரி முதல் மார்ச்வரை. அதிலும் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் வேண்டாம். குளிர்ந்த உருவத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூத்திருக்கும். 11 மணிக்கு மேல் வெயில் ஏறியதும், வீட்டுக்குள் வைத்திருந்த உருவத்தை வெளியே கொண்டுபோய் அடித்துவிட்டு உடனே உள்ளே எடுத்து வாருங்கள். ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் கூடுதலாக டப்பாவைப் பிடித்து, நிறுத்தாமல் கையை ஓட்டி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை. டப்பா சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் வைக்கலாம். அடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, வெடிக்கும்.

மற்ற ஒன்பது மாதமும் தூரிகையால் பூசும் ப்ரைமர்தான். வல்லேஹோவில் கிடைக்கிறது. மெல்லிசாகப் பூசி, ஓரிடத்தை இரண்டாவது தடவை தேய்க்காமல் விட்டுவிட வேண்டும். அது இறுக ஒரு நாள் போதும் என்பார்கள், நான் இங்கே இரண்டு நாள் விடுகிறேன். அவசரப்பட்டு மறுநாளே தொட்டால் நகம் பட்ட இடம் தோலாக உரிகிறது. அறை 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தண்ணீர்ப் பெயிண்ட் எதுவுமே சரியாகப் படலமாகாது. அன்றைக்கு அறையை ஹீட்டரால் சூடாக்குங்கள், சூடு ஏற ஏற மீட்டரில் ஈரப்பதமும் இறங்குவதைப் பார்க்கலாம்.

8. பெயிண்ட்: எலும்புக்கூட்டில் தொடங்குங்கள்

எலும்புக்கூட்டுக்குக் கண்ணும் தோல் நிறமும் கிடையாது, புதியவர்களைத் திணறடிக்கிற இரண்டுமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

முதலில், எடுத்த பெயிண்ட் காயாமல் இருக்க ஈரத் தட்டு. தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் கேக் சுடும்போது அடியில் போடும் பேக்கிங் பேப்பர். மெழுகு பூசிய தாளில் தண்ணீர் மேலே வராது, பார்த்து வாங்குங்கள். இங்கே நான்கு நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும், ஸ்பாஞ்சைக் கழுவிப் பிழிந்து காயவைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டை நீர்மோர் பதத்துக்குத் தண்ணீர் விட்டு இளக்குங்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓடினால் தண்ணீர் அதிகம், திட்டாக நின்றால் குறைவு. எலும்பு நிறத்தை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள், முதல் பூச்சில் அடி தெரிந்தாலும் பதறாமல் காய விடுங்கள்.

அடுத்து பழுப்பு வாஷ். தூரிகை நிறைய எடுத்து மார்புக்கூட்டின் மேல் வைத்தால் அது தானாக விலா எலும்புகளுக்கு இடையே இறங்கும். மேட்டில் தங்காமல் பள்ளத்தில் தேங்கி, ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். கண்குழியில் கறுத்து நிற்கும். முழங்கால் கீழே சொட்டாகத் தேங்கினால் ஈரமில்லாத தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறை வளையம் விழும். இந்த வாஷ் காய மழைக்காலத்தில் ஒரு மணி நேரமாவது ஆகும்.

நன்றாகக் காய்ந்ததும் ட்ரை பிரஷ். பழைய தூரிகையில் எலும்பு நிறமும் வெள்ளையும் கலந்து எடுத்து, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, உருவத்தின் மேல் லேசாக ஓட்டுங்கள். மேட்டில் மட்டும் வெளிச்சம் விழுந்ததுபோல் பிடிக்கும். வாளுக்கு வெள்ளி, பிடிக்குத் தோல் பழுப்பு, கேடயத்துக்குச் சிவப்பு. முடிந்தது. முதல் உருவத்துக்கு எனக்கு இரண்டரை மணி நேரம், பத்தாவதுக்கு நாற்பது நிமிஷம்.

9. பேஸ்: தேயிலைத் தூள்

கடையில் விற்கும் சருகுத் தூள் வாங்க வேண்டாம். டீ வடிகட்டிய சக்கையை நன்றாகக் கழுவி, பால் கலக்காததாகப் பார்த்து, தட்டில் பரப்பி, மொறுமொறுவென்று ஆகும்வரை காயவைத்துக்கொள்ளுங்கள். பேஸில் ஃபெவிக்கால் தடவி, முதலில் சலித்த மணல், அது காய்ந்து பழுப்பு அடித்த பிறகு ஆங்காங்கே தேயிலை. சோலைக்காட்டுத் தரையில் கிடக்கும் இலைச்சருகு மாதிரியே இருக்கும். பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை மேலே ஒரு சொட்டு விட்டு மூடிவிடுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். பாசியும் மரப்பட்டையும் வேண்டுமென்றால் உங்கள் தோட்டத்திலிருந்து எடுங்கள். காப்புக்காட்டிலிருந்து எடுப்பது வனச்சட்டப்படி குற்றம்.

10. வார்னிஷும் வைக்கும் இடமும்

விரல் பட்டே பெயிண்ட் தேய்ந்துவிடும் என்பதால் வார்னிஷ் கட்டாயம். ஸ்ப்ரே வார்னிஷுக்கும் ஏழாவது படியின் விதிதான். ஈரத்தில் அடித்தால் முடித்த வேலையின் மேல் வெண்திரை விழும், அதைவிட வேதனை வேறில்லை. தூரிகையால் பூசும் மேட் வார்னிஷே போதும். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள்.

வைக்கும் டப்பாவில் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் போடுங்கள், பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, மாற்றுங்கள். பஞ்சு மெத்தை வைத்த பெட்டி நம் ஊருக்கு ஆகாது, ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை வாடை அடிக்கும். பேஸின் அடியில் 5 மி.மீ. காந்தம் ஒட்டி, இரும்புத் தகர பிஸ்கட் டப்பாவில் நிறுத்திவிட்டால் கொண்டை ஊசி வளைவில் பஸ் எப்படித் திரும்பினாலும் அசையாது. டப்பா வாங்குமுன் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

11. ஆட வருகிறவர்களுக்கு

கீழே கோவையிலிருந்து நண்பர்கள் சொந்த வண்டியில் ஆட வந்தால், 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். முந்தின நாளே இணையத்தில் வண்டி எண்ணையும் வரும் தேதியையும் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. நம் டி.என். 43 வண்டிக்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். மேசையையும் மேடுகளையும் முந்தின இரவே போட்டு வையுங்கள். ஆளுக்குப் பத்து மினி வைத்து முதல் ஆட்டம் ஆட மூன்று மணி நேரம் பிடிக்கும். காலை 11 மணிக்குத் தொடங்கினால் சாப்பாட்டோடு சேர்த்து 3 மணிக்கு முடித்து, மூட்டம் இறங்குமுன் அவர்கள் குஞ்சப்பனையைத் தாண்டிவிடலாம்.